நூம்பல் காத்தும் நாலு கம்பியும்

1

அத்தை, இது கதை. சண்டை இல்ல. முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா பாதியில உங்களுக்கு அப்படித்தான் தோணும்.

அப்பாவோட அறுபதாம் கல்யாணத்துல மைக்குல படிக்க ஏதாவது எழுதி அனுப்புடான்னு நீங்கதான் கேட்டீங்க. "நீதான் வரல, உன் எழுத்தாவது வரட்டும்"னு குத்திக் காட்டுனீங்க. நான் வாழ்க்கையில எழுதின ஒரே விஷயம் லீவு லெட்டர், அதையும் இன்னும் குடுக்கல. வேலையில சேந்து மூணு மாசம்தான் ஆவுது. அதனால போலந்துல, ஹாஸ்டல்ல துணி துவைக்கிற ரூம்ல நின்னுக்கிட்டு போன்கிட்ட பேசுறேன், அது டைப் பண்ணுது. தப்பா சொல்லிட்டா "அழி"ன்னு சொன்னா அழிச்சிடும்னு ரூம்மேட் சொன்னான். அழிக்கல. "அழி"ங்கறதையும் சேத்து டைப் பண்ணுது. கண்டுக்காதீங்க.

கதை எங்கேருந்து வந்துச்சுன்னா, போன வாரம் அம்மா போன் பண்ணாங்க. கல்யாணத்துக்கு முதல் நாள் பொண்ணு நூம்பல்ல எங்க வீட்ல, மாப்பிள்ளை ஆவடியில உங்க வீட்லன்னு ஏற்பாடு பண்ணியிருக்கீங்கல்ல? அறுபது வயசானாலும் மாப்பிள்ளை அக்கா வீட்லேருந்துதான் கிளம்பணும்னு. அப்பா பேஸ் கித்தாரோட வந்து உங்க பையன் ரகுநாதன் அண்ணனோட ஃபேக்டரி குவார்ட்டர்ஸ்ல தங்கப்போறாரு. வியாழக்கிழமை காலையில ஒன்பதரைக்கு முகூர்த்தம், சாயந்தரம் கச்சேரி. எல்லாம் சந்தோஷமான விஷயம். ஆனா அம்மா மட்டும், "காலைல ஏழு மணிக்கு நான் அங்க இருக்க மாட்டேனேடா"ன்னாங்க. அப்புறம் முப்பத்திமூணு வருஷமா யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணை அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டு, "சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத"ன்னு வெச்சிட்டாங்க.

அதை நான் உங்ககிட்ட சொல்றேன். ஏன்னா உங்க வாயிலேருந்து இந்த முப்பத்திமூணு வருஷத்துல அம்மாவுக்குக் கிடைச்ச பேரு ஒண்ணே ஒண்ணுதான். "வீட்டைப் பிரிச்சவ." குவார்ட்டர்ஸ்ல நல்லா இருந்த தம்பியை நூம்பலுக்கு இழுத்துக்கிட்டுப் போனவ. ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லுவீங்க. அம்மா வடை தட்டிக்கிட்டே கேட்டுட்டு இருப்பாங்க.

கோவப்படாதீங்க. கதை கித்தார் கம்பியைப் பத்தினது.

2

ஒரு சிக்கல். கதைன்னா அப்பா, அம்மான்னு சொன்னா நல்லா இருக்காது, பேர் சொல்லித்தான் எழுதணும். "உத்தமன் வந்தா

அழி.

உத்தமன் வந்தாரு. "வந்தான்"னு சொல்ல நாக்கு எழும்பல. அவரு ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி நூம்பல்ல தூங்கிக்கிட்டு இருக்காரு, ஆனாலும் எழும்பல. கதையிலயும் "ரு" போட்டே எழுதுறேன். அம்மாவை "சாமுண்டீஸ்வரி வந்தா"ன்னு சொல்லிப் பாத்தேன், அதுக்கு நாக்கு உடனே எழும்புச்சு. அது எனக்கே அசிங்கமா இருந்துச்சு. அவங்களுக்கும் "ங்க" போட்டுடுறேன்.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னு மூணு தடவை பாத்தேன்.

முதல் ஆரம்பம்: "தொண்ணூத்தி ஒண்ணாம் வருஷம், ஆவடியில் ஒரு மாலைப்பொழுது, தென்றல் காற்று"

அழி. எந்தத் தென்றல் ஆவடிக்கு வந்துச்சு?

ரெண்டாவது ஆரம்பம்: "உத்தமன் அவர்கள் திண்டிவனத்தில் பிறந்து, படித்து, பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில்" — இது ரிட்டயர்மென்ட் ஃபங்ஷன்ல படிக்கிறது. அழி.

மூணாவது ஆரம்பம்தான் சரின்னு தோணுது. உங்க இட்லிக் குண்டான்ல ஆரம்பிக்கிறேன்.

3

பார்வதம் அத்தை (நீங்கதான், மைக்குல படிக்கும்போது "நான்"னு மாத்திக்கோங்க) ஒரு ஞாயித்துக்கிழமை மூடியைத் திறந்தா, இட்லிக் குண்டானுக்குள்ள இட்லி இல்ல. நாலு கம்பி சுருண்டு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணு விரல் தண்டி. தண்ணி டீ கலருக்கு வந்துடுச்சு.

"உத்தமா! இது என்னாடா?"

"பேஸ் கம்பிக்கா. வேக வெச்சா அழுக்கு போகும். அழுக்கு போனா சுருதி நிக்கும்."

"என் குண்டான்லயா?"

"நம்ம வீட்ல வேற பெரிய பாத்திரம் இல்லியே."

அடுத்த மூணு நாளும் இட்லியில துரு வாசனை அடிச்சுதுன்னு நீங்க இன்னைக்கு வரைக்கும் சொல்றீங்க. மாமா மட்டும் "இரும்புச் சத்து"ன்னு சொல்லிச் சாப்பிட்டாராம்.

எதுக்கு இந்தப் பாடு? உத்தமனுக்கு அப்போ இருபத்தாறு வயசு, ஆவடி குவார்ட்டர்ஸ்ல உங்களோடதான் இருந்தாரு. ஃபேக்டரியில கேஜ் ரூம்ல வேலை. அதாவது, சாமான் சரியான அளவுல இருக்கான்னு பாக்கிற கருவிகள் இருக்கு பாருங்க, அந்தக் கருவி சரியா இருக்கான்னு பாக்கிற வேலை. சாயந்தரமானா அம்பத்தூர்ல துலுக்கானம் இன்னிசைக் குழுவுல பேஸ் கித்தார். துலுக்கானம் பகல்ல இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லேத் ஓட்டுவாரு, சாயந்தரம் ட்ரம்ஸ் அடிப்பாரு, ரெண்டுலயும் அதே சத்தம்தான் வரும்னு பேரு. அந்தக் குழுவுல பெண் குரல் சாமுண்டீஸ்வரி. நூம்பல் பொண்ணு. எஸ்டேட்ல ஒரு ரெடிமேட் கம்பெனியில காலர் தைக்கிற வேலை, தச்சுக்கிட்டே பாடுவாங்க. காது அப்படி ஒரு காது. ஃபேன் சுத்துற சத்தத்துக்கு நடுவுலயே எந்த மெஷினுக்கு எண்ணெய் போடணும்னு சொல்லிடுவாங்களாம்.

(இதைச் சொன்னது அம்மாவேதான். கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.)

பிரச்சனை இதுதான். செவ்வாயும் வெள்ளியும் சாயந்தரம் ரிகர்சல். ஒவ்வொரு தடவையும் உத்தமன் வந்து முதல் கம்பியைத் தட்டின உடனே, லட்சுமணனோட கீபோர்டுக்கும் அதுக்கும் ஒத்தே போகாது.

"இன்னா மாமே, மறுபடியும் கம்பி பூட்ச்சா?" துலுக்கானம் ட்ரம் குச்சியால காதைச் சொறிஞ்சுகினே கேப்பாரு.

"காலையில பக்காவா இருந்துச்சு அண்ணே."

"காலைல நல்லாக்கீது, உன் ஊட்ல நல்லாக்கீது. என் ஷெட்டாண்ட வந்தா மட்டும் அதுக்கு ஜொரம் வந்துடுதா?"

அப்புறம் அரை மணி நேரம் ஒவ்வொரு கம்பியா முறுக்கி, தட்டி, காதை வெச்சு, முறுக்கி. அதுக்குள்ள டீ ஆறிடும். கடைசியில கீபோர்டோட சேந்துடும், ரிகர்சல் ஜம்முனு போவும். அடுத்த ரிகர்சலுக்கு வந்தா மறுபடியும் போயிருக்கும். தங்கவே தங்காது. மேடையில இன்னும் மோசம். பூந்தமல்லியில ஒரு கல்யாணத்துல இவரு முறுக்கி முடிக்கிறதுக்குள்ள பொண்ணு வீட்டுக்காரங்க சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கி, கிளம்பிட்டாங்க.

லட்சுமணன் புதுசா வாங்கின கீபோர்டுல ஒரு வசதி இருந்துச்சு. இடது கையிலயே பேஸ் சத்தம் வரும். ஒருநாள் இவரு முறுக்கிக்கிட்டு இருக்கும்போது, அவன் சும்மா இடது கையால "டும், டுடும்"னு தட்டிக் காமிச்சான்.



துலுக்கானம் குச்சியைக் கீழ வெச்சாரு. "உத்தமா, மனசுல வெச்சுக்காத. ஆயுத பூஜை அன்னிக்கு சென்னீர்குப்பம் லாரி ஸ்டாண்டுல ப்ரோகிராமு. அதுல கம்பி நின்னா நீ நிக்கிற. இல்லாங்காட்டி லட்சுமணன் எடது கை."

சாமுண்டி பாத்தாங்க. உத்தமன் தலையாட்டினாரு, கித்தாரை உறையில போட்டாரு. போடும்போது ஒரு கைக்குழந்தைக்குச் சட்டை போடுற மாதிரி போட்டாராம். அந்த எடத்துலதான் அம்மாவுக்கு

அழி. அது கதைக்குத் தேவையில்ல.

4

அடுத்த ஒன்றரை மாசம் உத்தமன் என்னென்ன பண்ணாருன்னு ஒரு லிஸ்ட் போடலாம். லிஸ்ட் போட்டா நல்லா இருக்காதுன்னு தோணுது, ஆனா மனுஷன் லிஸ்ட் போட்டுத்தான் வாழ்ந்தாரு.

கம்பியை வேக வெச்சாச்சு. புதுக் கம்பியும் வாங்கிப் போட்டாச்சு, மவுண்ட் ரோடு போயி. அதுவும் நிக்கல. கம்பியை முறுக்குற கீ நழுவுதுன்னு நாலையும் கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, ஒவ்வொண்ணையும் அளந்து, ஒவ்வொண்ணுலயும் நூல் கட்டி "பாஸ்"னு அட்டை மாட்டினாரு. அட்டையைக் கழட்ட மறந்து மேடை ஏறி, ஆடியன்ஸ்ல ஒருத்தன் "விலை எவ்ளோண்ணா?"ன்னு கேட்டான். கம்பி ஏறி இறங்குற பள்ளத்துல சிக்குதுன்னு பென்சில் முனையைத் தேய்ச்சாரு. சமையக்கட்டுச் சுவத்துல மாட்டினதால சூட்டுல மரம் வளைஞ்சிடுச்சுன்னு, கித்தாரைக் கட்டில்ல படுக்க வெச்சுட்டு அவரு தரையில படுத்தாரு. பல்லி மேல கூட சந்தேகப்பட்டாரு அத்தை. பல்லி ராத்திரி கம்பி மேல ஓடுதுன்னு.

அப்புறம் சார்ட். கேஜ் ரூம் பழக்கம். கிராஃப் நோட்டுல தேதி போட்டு, ரிகர்சலுக்கு வந்ததும் நாலு கம்பியும் எவ்வளவு தள்ளியிருக்குன்னு புள்ளி வெச்சு வெச்சுக் கோடு இழுத்தாரு. நாலு கம்பிக்கு நாலு கலர்.

டீ இடைவேளையில சாமுண்டி எட்டிப் பாத்தாங்க.

"இன்னாங்க இது, ஜாதகமா?"

"கம்பியோட நடத்தை. பாருங்க, போன வெள்ளி இவ்வளவு இறங்கியிருக்கு. செவ்வாய் பாருங்க, ஏறியிருக்கு."

"ஏறிக்கீதா? முறுக்கு வுட்டா எறங்கத்தானே செய்யும்? அது எப்டி தானா ஏறும்?"

உத்தமன் நோட்டை ஒரு தடவை திருப்பிப் பாத்தாரு. "அதைத்தான் ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்கேன்."

"நாலு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிகினு போவுதே?"

"ஆமா. நாலும் ஒரே அளவு தள்ளுது. ஒற்றுமை."

சாமுண்டி டீயைக் குடிச்சாங்க. போன வாரம் இதே மனுஷன் இதே எடத்துல, தன்னோட வேலையைப் பத்திப் பெருமையா ஒண்ணு சொல்லியிருந்தாரு. ஒரு சாமான் அளவு தப்புன்னா சாமானைத் தூக்கிப் போடுவாங்களாம்; எல்லாச் சாமானும் ஒரே மாதிரி தப்புன்னு வந்தா, சாமானை விட்டுட்டு அளக்கிற கருவியைத்தான் சந்தேகப்படுவாங்களாம். அதுக்காகவே கேஜ் ரூம்ல "மாஸ்டர்"னு ஒண்ணு பூட்டி வெச்சிருப்பாங்க, தினமும் காலையில வேலை தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாக் கருவியையும் அதோட ஒப்பிட்டுப் பாக்கணுமாம்.

அதை அவருக்கே ஞாபகப்படுத்தலாமான்னு நினைச்சாங்க. அவரு பச்சைக் கலர் பென்சிலைச் சீவிக்கிட்டு இருந்தாரு. விட்டுட்டாங்க.

5

ஆயுத பூஜை. சென்னீர்குப்பம் லாரி ஸ்டாண்டு. லாரிங்களுக்கெல்லாம் வாழை மரம் கட்டி, ரெண்டு லாரியோட பின் பக்கத்தைச் சேத்து மேடை. பெங்களூர் ரோட்ல போற பஸ்ஸெல்லாம் ஸ்லோ பண்ணி எட்டிப் பாக்குது.

துலுக்கானம் முந்தின நாள் சாயந்தரமே ஸ்பெஷலா ஒரு ரிகர்சல் வெச்சிருந்தாரு. அதுல வழக்கம்போல அரை மணி நேரம் முறுக்கி, கீபோர்டோட சேத்து, வாசிச்சு முடிச்சாச்சு. ஆனா மறுநாள் மேடையில உத்தமன் மூஞ்சி செத்துக்கெடந்துச்சு.

"இன்னாங்க?"ன்னாங்க சாமுண்டி.

"இன்னிக்குக் காலையில செக் பண்ணவே இல்ல. பண்ண முடியல."

(ஏன் முடியலன்னு இப்போ சொல்ல மாட்டேன். கதைன்னா கொஞ்சம் பிடிச்சு வெக்கணும்னு எங்க சூப்பர்வைசர் கூட சொல்லுவாரு. அவரு சம்பளத்தைச் சொல்லுவாரு.)

உங்க வீட்ல அன்னிக்கு அரிவாமணைக்குப் பொட்டு வெக்கும்போது, நீங்களே போனாப் போவுதுன்னு கித்தாருக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு விட்டீங்களாம். நாலு கீயிலயும் நாலு பொட்டு. அதோட மேடை ஏறினாரு. லட்சுமணன் இடது கையை நெட்டி முறிச்சு ரெடியா வெச்சிருந்தான்.

உத்தமன் கண்ணை மூடிக்கிட்டு முதல் கம்பியைத் தட்டினாரு.

சேந்துடுச்சு.

ரெண்டாவது தட்டினாரு. சேந்துடுச்சு. மூணு, நாலு. துலுக்கானம் குச்சியை நழுவ விட்டாரு. ஒரு கீயைக் கூடத் தொடல. அன்னிக்குப் பதினாறு பாட்டு, ஒண்ணுல கூட நிறுத்தல. லாரி டிரைவருங்க ஹாரன் அடிச்சுக் கைதட்டினாங்க. சாமுண்டி பாடும்போது அவங்க குரலுக்கு அடியில யாரோ மெத்தை போட்டு வெச்ச மாதிரி இருந்துச்சாம். அம்மா அதை மட்டும் போன்ல ரெண்டு தடவை சொன்னாங்க.

"குங்குமம்!"னு கத்தினாரு உத்தமன், மேடையை விட்டு இறங்கினதும். "எங்க அக்கா வெச்ச குங்குமம்!"

அடுத்த ரிகர்சலுக்கு நாலு கீயிலயும் பளபளன்னு குங்குமம் வெச்சுக்கிட்டு வந்தாரு. முதல் கம்பியைத் தட்டினாரு.

"மாமே," துலுக்கானம் மெதுவா சொன்னாரு, "அது சேப்பா கீது. அவ்ளோதான். பொங்கல் வரைக்கும் பாப்பேன். அப்பால என்னைக் கேக்காத."

6

அத்தை, இந்த ஆறாவதை நீங்க தனியா படிங்க. மைக்குல வேணாம்.

அதுக்கு மறுநாள் காலையில ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, உங்க குவார்ட்டர்ஸ் கதவை ஒரு பொண்ணு தட்டுச்சு. ஞாபகம் இருக்கா? நீங்கதான் திறந்தீங்க.

"யாரும்மா நீ, இந்நேரத்துக்கு?"

"பாட்டு நோட்டு குடுத்துட்டுப் போலாம்னு வந்தேங்க."

"எங்கேருந்து?"

"நூம்பல்."

"நோட்டு குடுக்க ரெண்டு பஸ் மாறி வந்தியா?"

"மூணுங்க. ஒண்ணு தப்பா ஏறிட்டேன்."

நீங்க உள்ள விட்டீங்க, ஆனா ஒரு பார்வையோட விட்டீங்க. அம்மாவுக்கு அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. சாமுண்டி உள்ள போயி நின்னாங்க; காலையில செக் பண்ணாத அன்னிக்கு மட்டும்தான் கம்பி நின்னுச்சு, அப்போ எதோட செக் பண்றாருன்னு பாக்கத்தான் வந்திருந்தாங்க. உத்தமன் தலை சீவி, யூனிஃபார்ம் போட்டு, கித்தாரை மடியில வெச்சுக்கிட்டு, அதோட தலைப் பக்கத்தை மரக்கதவுல அழுத்திப் பிடிச்சிருந்தாரு. கரண்டு இல்லாமலே கதவு வழியா சத்தம் பெருசா கேக்கும்னு. எதுக்கோ காத்துக்கிட்டு இருந்தாரு.

ஏழு மணி. ஃபேக்டரி சங்கு ஊதுச்சு. ஊஊஊன்னு ஏறி, மேல போயி, ஒரு எடத்துல அப்படியே நின்னு.

அது நின்ன அந்த நேரத்துல உத்தமன் தடிக் கம்பியைத் தட்டினாரு, கீயைத் திருகினாரு. தட்டினாரு, திருகினாரு. சங்கு இறங்குறதுக்குள்ள கம்பி அதோட சேந்துடுச்சு. அப்புறம் அந்தக் கம்பியை வெச்சு மத்த மூணையும் சரி பண்ணாரு. நிமிந்து பாத்துச் சிரிச்சாரு.

"இன்னாங்க பண்றீங்க?"

"மாஸ்டரோட செக் பண்றேன்."

"சங்கு... மாஸ்டரா?"

"பின்ன? ஆவடியே இதைப் பாத்துத்தான் வாட்ச் வெக்குது. ஒரு நாள் தப்பினதில்ல. கீபோர்டு அப்படி இல்லீங்க, கரண்டுல ஓடுறது. துலுக்கானம் அண்ணன் ஷெட்ல வோல்டேஜ் லட்சணம் உங்களுக்கே தெரியும். ஏறும், இறங்கும்."

"சங்கு எதுல ஓடுது?"

உத்தமன் யூனிஃபார்ம் காலரை இழுத்துச் சரி பண்ணாரு.

"அது ஃபேக்டரியோடது"ன்னாரு.

சாமுண்டிக்கு எல்லாம் விளங்கிடுச்சு. சங்கு மணி சொல்லத்தான், சுருதி குடுக்க இல்ல. அன்னன்னிக்குக் கரண்டு எப்படியோ அப்படி ஊதும், ஒருநாள் கொஞ்சம் மேல, ஒருநாள் கீழ. நேரம் மட்டும் தப்பாது. கம்பி பாவம், வெச்ச எடத்துலயே நிக்குது. ரிகர்சல்ல கீபோர்டோட சேத்துட்டுப் போனதை, மறுநாள் காலையில இவரே உக்காந்து கலைக்கிறாரு. தினமும். நேரம் தவறாம. ஆயுத பூஜைக்கு ஃபேக்டரி லீவு, சங்கு இல்ல. அதான் கம்பி பிழைச்சுது.

(ஞாயித்துக்கிழமையும் சங்கு ஊதாதே, அப்போ எப்படின்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன். கதையில ஓட்டைன்னு பயந்துட்டேன். ரிகர்சல் வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை ஃபேக்டரி உண்டு. ஞாயிறு கச்சேரிக்குள்ள ஒரு சங்கு குறுக்க வந்துடும். அம்மா விரல் விட்டு எண்ணி நிரூபிச்சாங்க.)

அப்போ அங்கேயே சொல்லியிருக்கலாம். "யோவ், கம்பி மேல தப்பில்ல, உன் சங்குதான்"னு. ஒரு வரி. ஏன் சொல்லலன்னு கேட்டேன்.

"கேஜ் ரூம்ல வேலை செய்ற ஆளுடா. அளவு பாக்குறதுதான் அவரு பொழப்பே. அவரு அளவு தப்புன்னு, துலுக்கானத்துக்குத் தெரிஞ்சா ஆவடி பூரா சிரிக்கும். அப்பால அந்த ரூம்ல போயி எந்த மூஞ்சியோட குந்துவாரு?"

7

சாமுண்டி வேற வழி பண்ணாங்க. அடுத்த ரிகர்சல் முடிஞ்சு கித்தார் கீபோர்டோட சேந்து இருக்கும்போதே சொன்னாங்க.

"உங்க ஊட்டுக் காத்து கம்பிக்கு ஆவல. எங்க ஊட்ல வெச்சுப் பாக்கலாமா? கெணத்தாண்ட சும்மா ஜிலுஜிலுன்னு வரும்."

"காத்தா?" உத்தமன் கண்ணு விரிஞ்சுது. சார்ட்ல காத்துக்கு ஒரு கோடு போடலையேன்னு அவருக்கு அப்போதான் உறைச்சுது.

துலுக்கானத்தோட ஸ்கூட்டர்ல கித்தார் நூம்பலுக்குப் போச்சு. அங்க சங்கு கேக்காது. நாலு நாள் கழிச்சு ரிகர்சலுக்கு வந்துச்சு, தட்டினாங்க, சேந்துடுச்சு. அடுத்த வாரமும். அதுக்கடுத்த வாரமும். உத்தமன் கிராஃப் நோட்டுல நேர்கோடு போட்டுட்டு அதை எல்லாருக்கும் காமிச்சாரு. "நூம்பல் காத்து!"

நூம்பல்ல வேற ஒரு பேச்சு கிளம்புச்சு. பக்கத்து வீட்டு பஞ்சவர்ணம் தெருக்குழாயில நின்னு, "சாமுண்டி ஊட்ல ஆம்பளை கித்தார் ஒண்ணு வந்து குந்திகினு கீதே, பாத்தியா?"ன்னு ஆரம்பிச்சு வெச்சாங்க. ஒரு மாசத்துல வாடகைக்கு வந்த ஆளைப் பத்திக் கேக்கிற மாதிரி எல்லாரும் கித்தாரை விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. சாமுண்டியோட அப்பா, எங்க தாத்தா மதுரைவீரன் ஒருநாள் ரிகர்சல் ஷெட்டுக்கே வந்துட்டாரு.

"நைனா, கித்தாரு வந்து ரெண்டு மாசம் ஆவுது. ஆளு எப்போ வருவாரு?"

உத்தமன் துலுக்கானத்தைப் பாத்தாரு. துலுக்கானம் லட்சுமணனைப் பாத்தாரு. லட்சுமணன் இடது கையால "டும்"னு ஒண்ணு தட்டினான்.

தை மாசம் கல்யாணம்.

சாமுண்டி ஒரே ஒரு கண்டிஷன் போட்டாங்க: குடித்தனம் நூம்பல்லதான். குவார்ட்டர்ஸ்ல இருக்க மாட்டேன். காரணம் கேட்டா "காத்து"ன்னாங்க. நீங்க அன்னிக்கு அழுதீங்க. ஃபேக்டரி குடுத்த வீட்டை விட்டுட்டு எவனாவது போவானா, காத்துக்காக? "மயக்கிட்டா, வீட்டைப் பிரிச்சுட்டா"ன்னு சொன்னீங்க. வேற என்ன சொல்ல முடியும் உங்களால? அம்மா வாயைத் திறந்தா அப்பா மானம் போயிடும், மூடினா அவங்க பேரு போயிடும். மூடிக்கிட்டாங்க.

அப்பா அந்தக் குழுவுல அப்புறம் பத்தொன்பது வருஷம் வாசிச்சாரு.

8

இப்போ முடிவு. மூணு இருக்கு, மூணையும் சொல்றேன்.

அப்பா முடிவு: நூம்பல் காத்துல ஈரப்பதம் கரெக்டா இருக்கு, கம்பிக்கு ஒத்துக்கிச்சு. இதை அவரு எனக்குப் பொண்ணு பாக்கப் போற வீட்ல கூட சொல்லுவாரு, நீங்க பாருங்க. மைக்குல படிக்க நல்ல முடிவு. ஆறாவதையும், ஏழாவதுல சங்கும் அழுகையும் வர்ற வரிகளையும் எடுத்துட்டுப் படிச்சா கதை இப்படித்தான் முடியும், ஒட்டு தெரியாது. நான் ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டேன். எல்லாரும் கைதட்டுவாங்க.

உங்க முடிவு: கித்தாரை வெச்சு மயக்கிட்டா. அதுவும் கதையில உக்காருது. கொஞ்சம் உண்மையும்கூட.

அம்மா முடிவு: சொல்லாத.

நாலாவதா என் முடிவு ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்னு உக்காந்து யோசிச்சேன். கதையில வர்ற மகன் ஃபிளைட் ஏறி வந்து, மேடையில மைக்கை வாங்கி, எல்லார் முன்னாடியும் கம்பீரமா

அழி. எனக்கு லீவே இல்ல.

9

அதோட, கதை இன்னும் முடியவே இல்ல அத்தை. அதான் அம்மா போன் பண்ணாங்க.

வியாழக்கிழமை ஃபேக்டரிக்கு வேலை நாள். அப்பா போன ஞாயித்துக்கிழமை குரூப்புல போட்ட வாய்ஸை நீங்க கேட்டீங்களா? "முப்பத்திமூணு வருஷம் கழிச்சு, நம்ம சங்குல ஒரிஜினலா சுருதி சேத்து, அன்னிக்கு சாயந்தரம் வாசிக்கிறேன்"னு. நீங்க கைகூப்புற படம் போட்டிருந்தீங்க. அம்மா ஒண்ணும் போடல. நான் முதல் சம்பளத்துல அவருக்குச் சுருதி காட்டுற மெஷின் ஒண்ணு வாங்கி அனுப்பினேன், அதை "எதோட செக் பண்ணது இது?"ன்னு கேட்டு டிவி மேல வெச்சுட்டாரு.

துலுக்கானம் தாத்தா வராரு, எழுபத்தெட்டு வயசுல, குச்சியோட. லட்சுமணன் மாமா கீபோர்டோட வராரு. புதன்கிழமை ரிகர்சல்ல எல்லாம் சேத்துடுவாங்க. கித்தார் அன்னிக்கு உங்க வீட்ல தங்கும். விடிஞ்சா ஏழு மணி. அம்மா நூம்பல்ல, கையில மருதாணியோட.

நீங்க மட்டும்தான் அங்க இருப்பீங்க.

நீங்க அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லலாம். நீங்க அக்கா, உங்களுக்கு அந்த உரிமை உண்டு. சொன்னா அம்மா மேல இருக்கிற பழி அன்னிக்கே போயிடும். அப்பா அறுபதாம் கல்யாணத்தன்னிக்குக் காலையில, முப்பத்திமூணு வருஷமா நம்பின காத்தும் போயி, அதுக்கு முன்னாடி நம்பின சங்கும் போயி, மாப்பிள்ளை மாலையோட உக்காந்திருப்பாரு.

இல்ல, ஆறே முக்காலுக்கே கித்தாரை எங்கயாவது கொண்டுபோய் வெச்சிடலாம். கேட்டா காத்துன்னு சொல்லுங்க. சாயந்தரம் நல்லா வாசிப்பாரு. ஆனா அப்போ நீங்க செய்றது அம்மா செஞ்சதேதான். அதுக்கப்புறம் அடுத்த பொங்கலுக்கு அந்தப் பேரை எப்படிச் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியல.

ஒண்ணும் பண்ணாம போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டும் படுத்திருக்கலாம். அதுவும் உங்க இஷ்டம். லட்சுமணன் மாமாவுக்கு இடது கை இன்னும் நல்லாத்தான் இருக்கு.

நான் முடிவு எழுதல. எழுதினா அது என் முடிவாயிடும், அதுக்கு எனக்குத் தைரியமும் இல்ல, நான் அங்கயும் இல்ல. மெஷின் நின்னுடுச்சு, அடுத்த ஆள் துணியோட வந்து கதவுல நிக்கிறான், நான் போன்ல தமிழ்ல அழுதுக்கிட்டு இருக்கேன்னு நினைக்கிறான். இல்ல, அழல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வியாழக்கிழமை நீங்க எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க, அத்தை?